முடிதிருத்தும் கடையிலிருந்து அரண்மனை வரை: அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே

(இரண்டாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவன் எழுதியது)

மனிதனை உயர்த்துவது அவன் பிறந்த குடியா, கற்ற நூலா, செய்யும் தொழிலா என்னும் வினா மிகப் பழமையானது. அறநூல்கள் பலவும் இதற்கு விடை கூறியுள்ளன. ஆயினும் ஏட்டில் உள்ள விடையைக் காட்டிலும், ஒருவர் வாழ்ந்து காட்டிய விடை நம் நெஞ்சில் ஆழமாகப் பதிகிறது. அத்தகைய ஒருவரின் வாழ்வை என் சக மாணவர்களுக்கும், மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் இவரை நான் அறிந்துகொண்ட வரலாற்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஐரோப்பிய மறுமலர்ச்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஓவியர், சிற்பியர், வானியலார் என்று வரிசையாகக் கூறி வந்த எங்கள் பேராசிரியர், மருத்துவத் துறைக்கு வந்தபோது, அறுவை மருத்துவத்தைப் புதுப்பித்தவர் பிரான்சு நாட்டில் முடிதிருத்தும் தொழிலில் தொடங்கிய ஒருவர் என்று கூறினார். வகுப்பில் சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஏனெனில் என் தந்தையார் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். என் பாட்டனார் எங்கள் ஊரில் முடியும் திருத்தினார். கட்டி வந்தால் கீறி மருந்தும் வைத்தார். என் பாட்டியார் ஊருக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. எங்கள் சமூகத்தாரை மருத்துவர் என்று அழைப்பது அதனால்தான். இருந்தும் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் விண்ணப்பப் படிவங்களில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் சுயதொழில் என்றே நான் எழுதி வந்தேன். உண்மையை எழுதினால் என்ன நேரும் என்பதைச் சிறு வயதிலேயே ஒருமுறை அறிந்துகொண்டவன் நான்.

அன்று மாலை பேராசிரியரைத் தேடிச் சென்று அந்த மருத்துவரின் பெயரைக் கேட்டேன். அம்புரோஸ் பாரே என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுடன் தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

பிறப்பும் பயிற்சியும்

பாரே பிறந்தது ஏறத்தாழ 1510-ஆம் ஆண்டு. பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள லாவால் நகரை ஒட்டிய ஒரு சிற்றூரில். குடும்பம் எளியது. அவருடைய தமையனாரும் நாவித அறுவையாளராக இருந்தவர். அக்காலத்தில் முடிதிருத்துவதும் அறுவை செய்வதும் எவ்வாறு ஒரே கைக்கு வந்து சேர்ந்தன என்பதை அறிந்தால்தான் பாரேயின் பெருமை விளங்கும்.

அன்றைய பாரிசில் மருத்துவம் மூன்று படிகளாகப் பிரிந்திருந்தது. உச்சியில் இருந்தவர் பல்கலைக்கழக மருத்துவர். இவர்கள் இலத்தீன் கற்றவர்கள். காலென் முதலிய பழம்பெரும் ஆசிரியர்களின் நூல்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். நோயாளியின் நாடியைப் பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள், ஆனால் குருதி படியும் வேலையைக் கையால் தொடமாட்டார்கள். அடுத்த படியில் சேன் கோம் என்னும் குழுவைச் சேர்ந்த, நீண்ட அங்கி அணிந்த அறுவையாளர் இருந்தனர். கடைசிப் படியில் குறுகிய அங்கி அணிந்த நாவித அறுவையாளர். சவரம் செய்தல், குருதி வாங்குதல், கட்டி கீறுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகிய எல்லாம் இவர்கள் பொறுப்பு. 1215-இல் கூடிய திருச்சபைப் பேரவை, குருமார்கள் அறுத்தும் சுட்டும் செய்யும் மருத்துவத்தில் ஈடுபடலாகாது என்று தடுத்துவிட்டது. கத்தி பிடிக்கத் தெரிந்தவர் நாவிதர். ஆகவே கத்தியால் ஆகும் வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. வேலை பெரிது; மதிப்போ சிறிது.

இளமையில் இத்தொழிலைக் கற்ற பாரே, 1530-களின் தொடக்கத்தில் பாரிசு சேர்ந்து, ஓதெல் தியூ என்னும் பெரிய ஏழையர் மருத்துவமனையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். ஒரே கட்டிலில் பல நோயாளிகள் படுத்துக் கிடந்த இடம் அது. இலத்தீன் அறியாத அவருக்கு அதுவே பல்கலைக்கழகம். நோயாளிகளின் உடலே அவர் படித்த நூல்.

எண்ணெய் தீர்ந்த இரவு

1536-இல் பிரான்சின் அரசர் முதலாம் பிரான்சிசுக்கும் பேரரசர் ஐந்தாம் சார்லசுக்கும் மீண்டும் போர் மூண்டது. பிரெஞ்சுப் படை ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியின் தூரின் நகர் நோக்கிச் சென்றது. அப்படையில் மாந்தெழான் என்னும் தளபதியின் அறுவையாளராகச் சென்றவர் பாரே. போர்க்களம் அவருக்குப் புதிது. துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

வெடிமருந்து நஞ்சுடையது, ஆகவே துப்பாக்கிப் புண்ணும் நஞ்சுப் புண். அதைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிச் சுட வேண்டும் என்று இத்தாலிய அறுவையாளர் ஜொவான்னி தா விகோ எழுதி வைத்திருந்தார். அனைவரும் அதையே செய்தனர். பாரேயும் முதலில் மற்றவர் செய்வதைப் பார்த்து, அவ்வாறே செய்தார். வீரர்கள் அலறினர். அலறலைக் கேட்டுக்கொண்டே எண்ணெயை ஊற்ற வேண்டியிருந்தது.

அன்று காயம்பட்டோர் தொகை பெருகியது; எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கரு, பன்னீர்ப்பூ எண்ணெய், கற்பூரத் தைலம் போன்ற ஒரு மரப்பிசின் எண்ணெய் ஆகிய மூன்றையும் குழைத்து எஞ்சியவர்களின் புண்களில் பூசினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. சுடாமல் விட்டவர்கள் விடிவதற்குள் நஞ்சேறி இறந்து கிடப்பார்களே என்னும் அச்சம் அவரை வாட்டியது. பொழுது புலரும் முன்பே எழுந்து ஓடினார். என்ன வியப்பு! களிம்பு பூசப்பட்டவர்கள் வலி குறைந்து, வீக்கமின்றி, இரவில் நன்கு உறங்கியிருந்தனர். எண்ணெயால் சுடப்பட்டவர்களோ காய்ச்சலும் வீக்கமும் வேதனையுமாகத் துடித்துக்கொண்டிருந்தனர். துப்பாக்கிப் புண்ணை இனி ஒருபோதும் இவ்வளவு கொடுமையாகச் சுடுவதில்லை என்று அப்போதே அவர் உறுதி பூண்டார்.

நண்பர்களே, இதை வெறும் தற்செயல் என்று சிலர் கூறலாம். எண்ணெய் தீர்ந்தது தற்செயல்தான். ஆனால் எண்ணெய் தீர்ந்த முகாம்கள் உலகில் எத்தனையோ இருந்திருக்கும். உறங்காமல் கிடந்து, விடியுமுன் எழுந்து சென்று, இரு வரிசைப் படுக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் பாரே. தம் கண் கண்டது பெரியோர் நூலுக்கு மாறாக இருந்தபோது கண்ணை நம்பினார். அறிவியல் என்பது இதுவன்றோ!

அதே படையெடுப்பில் அவர் கண்ட மற்றொரு காட்சி நெஞ்சை உலுக்குவது. ஒரு குதிரை லாயத்தினுள் நுழைந்தபோது, வெடிமருந்தால் உருத்தெரியாமல் வெந்துபோன மூன்று வீரர்கள் சுவரில் சாய்ந்து கிடந்தனர். அங்கு வந்த முதிய வீரர் ஒருவர், இவர்களைப் பிழைக்க வைக்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பாரே. உடனே அம்முதியவர் அமைதியாகச் சென்று மூவரின் கழுத்தையும் அறுத்துவிட்டார். பதறிப்போன பாரே அவரைக் கொடியவர் என்று கடிந்தார். தமக்கு இந்நிலை வந்தாலும் யாரேனும் இவ்வாறு செய்ய வேண்டும் என்றே தாம் இறைவனை வேண்டுவதாக அம்முதியவர் விடையிறுத்தார். பல்லாண்டுகளுக்குப் பின் தம் போர்ப் பயணங்களை எழுதியபோதும் பாரே இதை மறக்கவில்லை. வழி இல்லை என்று மருத்துவன் சொல்லும் ஒரு சொல்லின் கனத்தை அவர் அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ளக் கூசாதவர்

தூரின் நகரில் துப்பாக்கிப் புண்ணுக்குச் சிறந்த தைலம் வைத்திருப்பதாகப் பெயர்பெற்ற அறுவையாளர் ஒருவர் இருந்தார். அதன் செய்முறையை அறிய அவரை இரண்டு ஆண்டுகள் விடாமல் நயந்து பழகினார் பாரே. இறுதியில் கிடைத்த மறைபொருள் என்ன? நாய்க்குட்டிகளை அல்லி எண்ணெயில் கொதிக்க வைத்து, மண்புழுவும் பிசின் எண்ணெயும் சேர்த்த ஒரு கலவை! இன்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதிலிருந்தும் பாரே ஓர் உண்மையைக் கண்டார். அந்த அறுவையாளரும் புண்ணைச் சுடவில்லை, மென்மையான தைலத்தால்தான் ஆற்றினார் என்பதே அது.

மற்றொரு நாள், தளபதியின் சமையற்கூடத்துச் சிறுவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்கச் சென்ற இடத்தில் கிராமத்து மூதாட்டி ஒருவர், பச்சை வெங்காயத்தை உப்புடன் நசுக்கிப் பூசினால் கொப்புளம் எழாது என்றார். பாரே அதைப் புறக்கணிக்கவில்லை; கண்மூடி நம்பவும் இல்லை. உடலின் ஒரு பகுதியில் வெங்காயமும் மறுபகுதியில் வழக்கமான மருந்தும் இட்டுப் பார்த்தார். வெங்காயம் வைத்த இடத்தில் கொப்புளம் இல்லை. பின்னர் முகம் வெந்த ஒரு வீரனுக்கும், முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வெங்காயம் பூசி மீண்டும் சோதித்தார். வெங்காயம் தீப்புண்ணுக்கு மருந்து என்று யாரும் இன்று முயல வேண்டா. பாராட்டத்தக்கது அவர் சோதித்த முறையே.

குருதியைக் கட்டிய நூல்

1541-இல் அவர் நாவித அறுவையாளராக முறைப்படி தேர்ச்சி பெற்றார். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. 1542-இல் பெர்பிஞான் முற்றுகையின்போது தளபதி பிரிசாக்கின் தோளில் குண்டு பாய்ந்தது. மருத்துவர்கள் எவ்வளவு தேடியும் குண்டு அகப்படவில்லை. பாரே வந்து, குண்டு பட்டபோது எவ்வாறு நின்றீர்களோ அதே நிலையில் நில்லுங்கள் என்று தளபதியைக் கேட்டுக்கொண்டார். அந்நிலையில் தடவிப் பார்த்தவுடன் குண்டு கிடந்த இடம் கைக்குத் தட்டுப்பட்டது. எவ்வளவு எளிய அறிவு! எனினும் அதுவரை எவருக்கும் தோன்றாத அறிவு.

அவருடைய தலைசிறந்த பணி 1552-இல் நிகழ்ந்தது. அக்காலத்தில் கையையோ காலையோ துண்டித்தால், குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வெட்டுவாயைச் சுடுவார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். துண்டிப்பதைத் தாங்கியவனும் சுடுவதைத் தாங்காமல் இறப்பான். சுட்ட பொருக்கு உதிர்ந்தால் மீண்டும் குருதி பெருகும், மீண்டும் சுடுவார்கள். பாரேயும் ஆசிரியர்கள் செய்ததைப் பின்பற்றி இதைச் செய்தவரே. பின்னாளில் அதை அவர் மறைக்கவும் இல்லை. இளைய அறுவையாளர்கள் இக்கொடுமையைக் கைவிட வேண்டும் என்று மன்றாடியே எழுதினார்.

புண்ணில் குருதிக்குழாயை நூலால் கட்டலாம் என்பது பண்டைக் காலத்து ஆசிரியர்களுக்குத் தெரியும். சாதாரணக் காயத்தில் ஆகும் ஒன்று, உறுப்பைத் துண்டிக்கும்போது ஏன் ஆகாது என்று பாரே சிந்தித்தார். தாம்வில்லேர் முற்றுகையில், ரோஆன் பிரபுவின் படையைச் சேர்ந்த ஒருவரின் காலைத் துண்டிக்க வேண்டி வந்தது. காகத்தின் அலகு போன்ற ஒரு குறட்டால் குருதிக்குழாய்களின் முனைகளைப் பற்றி இழுத்து நூலால் முடிந்தார் பாரே. பழுக்கக் காய்ச்சிய இரும்பு பயன்படவில்லை. அந்த வீரர் மரக்காலுடன், தீயில் வேகாமல் தப்பினோமே என்ற மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார். இம்முறையை 1564-இல் வெளிவந்த தம் நூலில் பாரே விரிவாக எழுதினார்.

இதனால் உலகம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நூலால் கட்டி முடிக்கும்வரை குருதியை அடக்கி வைக்கக் கருவி வேண்டும். சான் லூயி பெத்தி என்னும் மற்றொரு பிரெஞ்சு அறுவையாளர் 1718-இல் திருகு வைத்த இறுக்கும் பட்டையை அமைத்த பிறகே அது எளிதாயிற்று. புண் சீழ்ப்பிடிக்காமல் இருக்க 1867-இல் லிஸ்டரின் கிருமிநீக்கு முறை வெளிவர வேண்டியிருந்தது. ஆயினும் இன்று உலகின் எந்த அறுவை அரங்கிலும் மருத்துவர் ஒருவர் குருதிக்குழாயைப் பற்றி முடிச்சிடும்போது, பாரே தொடங்கிய வழியிலேயே அவர் செல்கிறார்.

உடைந்த காலும் உருவான கையும்

எலும்பு மருத்துவத்தின் முன்னோடி என்று பாரேயைக் கொண்டாடுவதற்குக் காரணங்கள் பல. துண்டிப்பதோடு மருத்துவன் பணி முடிந்துவிடுவதில்லை என்று கருதியவர் அவர். கையிழந்தவன் எவ்வாறு உண்பான், காலிழந்தவன் எவ்வாறு நடப்பான் என்று எண்ணினார். பாரிசில் சின்ன லொரேன்காரர் என்று அழைக்கப்பட்ட ஒரு பூட்டுத் தொழிலாளியைக் கொண்டு இரும்பில் செயற்கைக் கை செய்வித்தார். உள்ளே பற்சக்கரங்களும் வில்களும் பொருத்தப்பட்டு, விரல்கள் மடங்கி நீளும் வகையில் அமைந்த கை அது. முழங்காலில் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் செயற்கைக் காலையும் படம் வரைந்து விளக்கினார். இவை செல்வருக்கு. ஏழைக்கு என்ன செய்வது? முழங்காலை மடித்துத் தாங்கும் எளிய மரக்காலின் படத்தையும், ஏழைகளுக்கானது என்று குறித்து, அதே நூலில் சேர்த்தார். அந்தப் படத்தைக் கண்டபோது என் கண்கள் கலங்கின.

முதுகெலும்பு வளைந்த சிறுவர்க்குத் துளைகள் இட்டு எடை குறைத்த மெல்லிய இரும்புக் கச்சையை, கவசம் செய்யும் கொல்லர்களைக் கொண்டு செய்யச் சொன்னார். வளரும் பிள்ளைக்கு அதை அவ்வப்போது மாற்றாவிடில் நன்மைக்குப் பதில் தீமையே விளையும் என்றும் எச்சரித்தார். பிறவியில் கோணிய பாதத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தும் காலணியையும் விவரித்தார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் முறிவு, இடுப்பு மூட்டு விலகியது போலவே தோன்றி மருத்துவரை ஏமாற்றும் என்பதை எடுத்துக்காட்டினார்.

1561-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சோதனை அவருக்கே வந்தது. நோயாளிகளைப் பார்க்கச் செல்லும் வழியில் ஆற்றைக் கடக்கத் தம் குதிரையைப் படகில் ஏற்ற முயன்றார். குதிரை உதைத்தது. இடது காலின் இரு எலும்புகளும் கணுக்காலுக்கு மேலே முறிந்தன. பின்வாங்க முயன்று விழுந்தபோது, முறிந்த எலும்பு தசையையும் காலுறையையும் காலணியையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எலும்பு வெளிவந்த முறிவென்றால் காலை எடுத்துவிடுவதே அன்றைய வழக்கம். எடுக்காவிடில் பெரும்பாலும் மரணம். எத்தனையோ பேருக்குத் தாம் செய்ததைத் தமக்கே செய்ய நேருமோ என்று அவர் அஞ்சினார். உடன் இருந்த அறுவையாளர் ரிச்சர் உபேரிடம், தம்மை நண்பராகக் கருதி இரக்கம் காட்ட வேண்டா என்றும், காலை வலிந்து இழுத்து எலும்பை நேராக்கும்படியும், வேண்டுமாயின் சவரக் கத்தியால் புண்ணை அகலப்படுத்தி எலும்புத் துணுக்குகளை எடுத்துவிடும்படியும் கூறினார். பின்னர் காய்ச்சல் வந்தது, சீழ் கட்டியது. ஆனால் கால் பிழைத்தது. நொண்டாமல் நடந்தார். அந்த நோயாளியின் வரலாற்றையும் ஒரு மருத்துவனின் கண்கொண்டு எழுதி வைத்தார்.

வீரர்களின் நம்பிக்கை

1552-ஆம் ஆண்டின் இறுதியில் மெட்சு நகரைப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் பெரும்படை முற்றுகையிட்டது. உள்ளே இருந்த பிரெஞ்சு வீரர்கள் காயம்பட்டு மடிந்துகொண்டிருந்தனர். பாரேயை அனுப்புமாறு அரசருக்குச் செய்தி போயிற்று. எதிரிப் படையைச் சேர்ந்த ஓர் இத்தாலியத் தலைவனுக்கு 1,500 பொற்காசு கொடுத்து, இரவில் இரகசியமாகப் பாரேயை நகருக்குள் சேர்த்தனர். மறுநாள் கோட்டையின் உடைப்பருகே நின்ற வீரர்கள் அவரைச் சூழ்ந்து தழுவிக்கொண்டு, இனிக் காயம்பட்டாலும் தாங்கள் சாகமாட்டோம் என்று ஆர்ப்பரித்தனர். ஒரு மருத்துவனுக்கு இதனினும் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தரமுடியும்?

அடுத்த ஆண்டு எதேன் கோட்டை வீழ்ந்தபோது அவர் சிறைப்பட்டார். தாம் யார் எனத் தெரிந்தால் பெருந்தொகை மீட்புப் பணம் கேட்பார்கள் என்று அழுக்கு உடை அணிந்து எளியவர் போல நடித்தார். ஆனால் நோயாளியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? அவருடைய திறமையே அவரைக் காட்டிக்கொடுத்தது. இறுதியில் எதிரித் தலைவர் ஒருவரின் காலில் ஆறேழு ஆண்டுகளாக ஆறாதிருந்த புண்ணை ஆற்றி, பணம் ஏதும் கொடாமலே விடுதலை பெற்றார்.

1554-இல் சேன் கோம் அறுவையாளர் குழு, இலத்தீன் அறியாத அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இரண்டாம் ஹென்றி, இரண்டாம் பிரான்சிஸ், ஒன்பதாம் சார்லஸ், மூன்றாம் ஹென்றி என நான்கு அரசர்களுக்கு அவர் அறுவை மருத்துவராக விளங்கினார். அரசர் என்பதற்காக மரணம் வழிவிடுவதில்லை. 1559-இல் இரண்டாம் ஹென்றி வீரவிளையாட்டொன்றில் ஈட்டிச் சிம்பு கண் வழியே பாய்ந்து வீழ்ந்தபோது, உடற்கூற்றியல் மேதை வெசாலியசும் பாரேயும் அருகிருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஜூலை 10-ஆம் நாள் அரசர் இறந்தார். 1572 ஆகஸ்டு 22-இல் சுடப்பட்ட கடற்படைத் தலைவர் கொலிஞியின் விரலைத் துண்டித்துக் கையிலிருந்து குண்டை எடுத்தவர் பாரே. இரண்டே நாளில், மதவெறியால் பாரிசில் நடந்த படுகொலையில், அவர் காப்பாற்றிய அம்மனிதர் கொல்லப்பட்டார்.

தாய்மொழியில் எழுதிய குற்றம்

1545-இல் வெளிவந்த பாரேயின் முதல் நூல் துப்பாக்கிப் புண்களைப் பற்றியது. அதைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். அதன்பின் எழுதிய அனைத்தும் அவ்வாறே. 1575-இல் அவை யாவும் 26 பகுதிகள் கொண்ட பெருந்தொகுப்பாக வெளிவந்தபோது பாரிசு மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கொதித்தெழுந்தனர். நாவிதன் மருத்துவம் எழுதலாமா? அதுவும் எல்லாரும் படிக்கும் மொழியிலா? நூலைத் தடுக்க நீதிமன்றம் வரை சென்றனர். கூர்மலென் என்னும் மருத்துவப் பேராசிரியர், குருதிக்குழாயைக் கட்டும் முறை தவறானது என்று இலத்தீனில் எழுதினார். 1585-இல் பாரே தம் நூலின் புதுப்பதிப்பில் விடை எழுதினார். அவ்விடை வெறும் தருக்கமன்று. தாம் சென்ற போர்களை ஒவ்வொன்றாக அடுக்கி, எங்கு எவரை எவ்வாறு குணப்படுத்தினார் என்று காட்டி, நாற்காலியில் அமர்ந்து நூல் படித்த பேராசிரியர் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டார் என்று வினவும் விடை அது.

காலம் வழங்கிய தீர்ப்பு சுவையானது. அவருடைய மாணவர் கியொமோ 1582-இலேயே அத்தொகுப்பை இலத்தீனில் வெளியிட்டார். 1634-இல் ஆங்கிலத்தில் வந்தது. எந்த மொழி தெரியாது என்று அவரை இகழ்ந்தார்களோ அந்த மொழியே அவரை ஐரோப்பா எங்கும் கொண்டு சென்றது. தாய்மொழியில் மருத்துவம் கூறலாம் என்பதை நம் மொழிக்கும் மெய்ப்பித்தவர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழ் நூல்களும் உருவாக்கிய அமெரிக்கர் சாமுவேல் கிரீனை இங்கு நன்றியுடன் நினைக்கலாம்.

குறையும் நிறையும்

பாரே குறையற்றவர் அல்லர். விந்தைப் பிறவிகளைப் பற்றிய தம் நூலில் கேட்ட கதைகளையெல்லாம் நம்பி எழுதினார். எல்லா நஞ்சையும் முறிக்கும் என்று போற்றப்பட்ட ஒருவகைக் கல்லைச் சோதிக்க, வெள்ளித் தட்டுத் திருடித் தூக்குத்தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு, அவன் இசைவு பெற்று, அரசர் ஆணையால் நஞ்சு தரப்பட்டது. கல்லும் கொடுக்கப்பட்டது. அவன் ஏழு மணி நேரம் துடித்து இறந்தான். கல் பயனற்றது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அந்த மெய்ப்பின் விலையை நாம் ஏற்க முடியாது. நேர்மையாகச் சொன்னால், எண்ணெய் தீர்ந்த இரவில் உறங்காத பாரேயையே நான் வணங்குகிறேன். இந்தப் பாரேயை அல்ல. எனினும் மம்மிப் பொடி, ஒற்றைக்கொம்பு விலங்கின் கொம்பு என்று செல்வர் நம்பிய போலி மருந்துகளை 1582-இல் துணிந்து கண்டித்து எழுதியவரும் அவரே.

புண்ணுக்குக் கட்டிடுவது தம் பணி, ஆற்றுவது இறைவன் பணி என்பதே அவர் கொள்கை. வெற்றிகளைக் கூறும்போதெல்லாம் இதை அவர் கூறத் தவறியதில்லை. லாவால் நகரில் நிறுவப்பட்ட அவருடைய சிலையும் இந்தப் பணிவையே நினைவூட்டுகிறது.

1590-இல் பாரிசு முற்றுகையிடப்பட்டு மக்கள் பசியால் மடிந்தபோது, எண்பது வயதை எட்டிய பாரே, நகரில் செல்வாக்குடைய லியோன் பேராயரைத் தெருவில் நிறுத்தி, ஏழைகள் சோறின்றிச் சாகிறார்கள், சமாதானம் செய்யுங்கள் என்று வேண்டினார். அதே ஆண்டு டிசம்பர் 20-இல் அவர் மறைந்தார்.

1741-இல் நிக்கொலா அந்திரி என்னும் பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்தும் கலைக்கு ஆர்த்தோபீடியா என்று பெயரிட்டு நூல் எழுதினார். 1816-இல் தெல்பெஷ் என்னும் அறுவையாளர் மோன்பெலியே நகரில், தோலின் கீழ் குதிகால் நரம்பை வெட்டிக் கோணற் பாதத்தை நிமிர்த்தினார். துறைக்குப் பெயர் சூட்டியவரும் அதை வளர்த்தவரும் பின்னால் வந்தனர். வித்திட்டவருள் முதல்வர் பாரே. 1743-இல் பிரான்சில் அரச ஆணையால் அறுவையாளரும் நாவிதரும் பிரிக்கப்பட்டனர். அறுவையாளர் உயர்ந்தார். நாவிதர் கையில் சவரக் கத்தி மட்டும் எஞ்சியது.

முடிவுரை

இவ்வரலாறு முழுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை சாத்தும் நேரத்தில் என் தந்தையாரிடம் கூறினேன். அவர் கத்திகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அரண்மனையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெயால் சுடப்பட்டவர்கள் மறுநாள் எப்படி இருந்தார்கள் என்பதையே மறுபடி சொல்லச் சொன்னார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, என் பாட்டனார் கட்டி கீறிய அன்று இரவெல்லாம் உறங்கமாட்டார் என்றும், விடிந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார் என்றும் சொன்னார். அதை அவர் எனக்குச் சொன்னது அதுவே முதல் முறை. நான் கேட்டதும் அதுவே முதல் முறை.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் முடிதிருத்துபவர் என்று எழுதினேன். கை நடுங்கவில்லை.

அன்பு நண்பர்களே! தொழிலில் இழிவில்லை; இழிவாகப் பார்க்கும் கண்ணில்தான் இழிவு உள்ளது. எத்தொழில் செய்தாலும், பிறர் துன்பம் கண்டு உறக்கம் கெடும் உள்ளம் வேண்டும். விடியுமுன் எழுந்து சென்று பார்க்கும் கால்கள் வேண்டும். கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவு வேண்டும். நாவிதர் ஒருவர் நானூறு ஆண்டுகளுக்கு முன் நமக்குக் கற்பித்த பாடம் இது. கற்போம், கடைப்பிடிப்போம்.